சைலன்சர் ரப்பர் ஏன் அடிக்கடி அறுகிறது? அறுந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ஜூன் 3, காலை. கேள்வி

பெட்ரோல் ஹேட்ச்பேக், 3 சிலிண்டர், முன்சக்கர இழுவை. வேகத்தடை ஏறி இறங்கினால் பின்னால் அடியில் ‘டொக்’ என்று சத்தம். ரிவர்ஸ் போட்டு கிளட்சை விடும்போது ஒரு இடி. குனிந்து பார்த்தால் கடைசி சைலன்சரை வண்டியின் அடியில் தொங்கவிடும் ரப்பர்களில் இடப்பக்கத்தது அறுந்து தொங்குகிறது. போன வருடம் மாற்றிய அதே ரப்பர். அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா? பாலியூரித்தேன் ரப்பர் போட்டால் வண்டி இருக்கும்வரை நிற்கும் என்கிறார்களே, உண்மையா?

ஜூன் 3, இரவு

அறுந்த ரப்பரை இன்னும் வீசவில்லை என்றால் அதை முதலில் கையில் எடுங்கள். எங்கே அறுந்தது, எப்படி அறுந்தது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. ஒரே இடத்து ரப்பர் ஒரே வருடத்தில் இரண்டாவது முறை போனால், அதை எதுவோ தொடர்ந்து இழுக்கிறது என்று அர்த்தம். அந்த எதுவோ சரியாகாமல் எந்த ரப்பர் போட்டாலும் அடுத்த வருடம் இதே கேள்விதான்.

பார்க்க வேண்டியது இவ்வளவு. ரப்பரில் கம்பி நுழையும் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் ஒரு பக்கம் நீண்டிருந்தால், குழாய் கோணலாக மாட்டப்பட்டு ரப்பர் எந்நேரமும் அந்தத் திசையில் இழுபட்டுக் கிடந்திருக்கிறது. மேல்தோல் கெட்டியாகி, நகத்தால் அழுத்தினால் தடம் விழாமல், வளைத்தால் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தால் அது சூட்டில் வெந்தது. உப்பி, கொழகொழத்து, கையில் ஒட்டினால் என்ஜினிலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ எண்ணெய் கசிந்து அதன்மேல் படிந்திருக்கிறது. மற்றபடி ரப்பர் நன்றாக இருந்து, ஒரே இடத்தில் துண்டாகக் கிழிந்திருந்தால் அது அடி: கல், வேகத்தடை, ரிவர்ஸில் திண்டின் மேல் சைலன்சரை ஏற்றியது. ஒரு பக்கம் மட்டும் உருகியதுபோல் பளபளத்தால் பக்கத்து மூட்டில் புகை கசிந்து நேராக அதன்மேல் அடிக்கிறது, அல்லது நடுவில் சூட்டை மறைக்க இருக்க வேண்டிய தகடு (ஹீட் ஷீல்டு) இல்லை.

உங்கள் வண்டியில் ரிவர்ஸில் இடி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேதான் போகிறது. முதலில் டார்க் ராடைப் பாருங்கள். என்ஜினின் அடிப்பகுதியை வண்டியின் அடிச்சட்டத்தோடு (சப்ஃப்ரேம்) பிணைக்கும் சின்ன எலும்பு போன்ற துண்டு அது. காரணம் நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

முன்சக்கர இழுவை வண்டியில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. முன்னோக்கிப் போகும்போது சக்கரத்தைத் திருப்பும் விசைக்கு எதிராக என்ஜினின் மேல்பகுதி பின்னால் சாயும், அடிப்பகுதி முன்னால் வரும். ரிவர்ஸில் இது தலைகீழ்: அடிப்பகுதி பின்னால் தள்ளும். சைலன்சர் குழாயின் முன்முனை என்ஜினோடு பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே என்ஜின் ஆடும் ஒவ்வொரு முறையும் குழாயை ஒரு கை பிடித்து இழுத்துத் தள்ளுவது போலத்தான்.

இந்த ஆட்டத்தை விழுங்கத்தான் நடுவில் ஃப்ளெக்ஸ் பைப் இருக்கிறது. வெளியே கம்பிப் பின்னல், உள்ளே அக்கார்டியன் மடிப்பு. சில வண்டிகளில் அதற்குப் பதில் இரண்டு ஸ்பிரிங் போல்ட்டும் வளைய கேஸ்கெட்டும் உள்ள உருண்டை மூட்டு இருக்கும். டார்க் ராடின் முனையில் உள்ள ரப்பர் புஷ் கிழிந்தால் என்ஜின் அளவுக்கு மீறி ஆடும். ஃப்ளெக்ஸ் விழுங்கியது போக மீதி ஆட்டம் முழுவதும் ரப்பர்களுக்குப் போகும். ரிவர்ஸில் மொத்தக் குழாயும் பின்னால் நகர்ந்து, அறுந்த ரப்பர் இருக்கும் பக்கம் சைலன்சர் எதன்மேலாவது முட்டும். உங்கள் ‘இடி’ அதுதான் என்பது என் கணிப்பு.

சோதிக்க இரண்டு பேர் வேண்டும். கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு ரிவர்ஸில் கிளட்சை மெல்லப் பாதி விடட்டும். இன்னொருவர் பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. என்ஜின் கொஞ்சம் அசைவது இயல்பு. ஒரு அங்குலத்துக்குக் கிட்ட எகிறினால் என்ஜினைப் பிடித்து நிறுத்தும் மவுண்ட் போய்விட்டது. பிறகு என்ஜினை அணைத்து, வண்டியைத் தூக்கி, டார்க் ராடின் பெரிய கண்ணைப் பாருங்கள். உள்குழலுக்கும் வெளிவளையத்துக்கும் இடையே இருக்கும் ரப்பர் பாலம் கிழிந்திருக்கிறதா? அந்த ராடில் அச்சிலேயே வார்த்த வெற்றிடங்கள் உண்டு, அவற்றைக் கிழிசல் என்று நினைத்துவிடாதீர்கள். கிழிசலின் ஓரம் சொரசொரப்பாக இருக்கும், வார்த்த இடம் வழவழவென்று இருக்கும்.

ஜூன் 4, பின்சேர்க்கை

நேற்று ‘துளை நீண்டிருந்தால்’ என்று பொதுவாக எழுதினேன், அதைத் திருத்த வேண்டும். ரப்பரில் நுழையும் கம்பி வண்டிக்குக் குறுக்காக இருந்தால்தான் முன்பின் இழுப்பில் துளை நீளும். கம்பி நெடுக்காக இருந்தால் துளை வட்டமாகவே இருக்கும். துளையின் இரண்டு வாய் ஓரங்களும் தேய்ந்து பளபளக்கும், கம்பி சறுக்கி வெளியே வரப் பார்க்கும். இரண்டும் ஒரே நோயின் அறிகுறி. கையில் இருக்கும் துண்டில் எது தெரிகிறது என்று சொல்லுங்கள்.

ஜூன் 5. கேட்டவர்

துண்டைப் பார்த்தேன். துளை வட்டம்தான், வாய் ஓரம் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி தேய்ந்திருக்கிறது. ரப்பர் மற்றபடி மிருதுவாகத்தான் இருக்கிறது. என்ஜின் சோதனை ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். அதற்குள் பாலியூரித்தேன் பற்றி?

ஜூன் 5, மாலை

மிருது, வெடிப்பு இல்லை, வாய் மட்டும் தேய்வு. சூடும் இல்லை, எண்ணெயும் இல்லை. முன்பின் ஆட்டம்தான்.

பாலியூரித்தேன் வேண்டாம், அதுவும் 3 சிலிண்டர் வண்டிக்கு. கணக்கு போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் ‘கெட்டியானது நல்லது’ என்ற நம்பிக்கை கணக்கில்தான் உடைகிறது.

நான்கு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். 3 சிலிண்டரில் சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. ஐடிலில் (வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது) நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் விநாடிக்கு 20 உதைப்பு. 4 சிலிண்டரில் சுற்றுக்கு இரண்டு, 750 சுற்றில் விநாடிக்கு 25. ரப்பரில் தொங்கும் சைலன்சருக்கும் ஒரு சொந்த ஊஞ்சல் வேகம் இருக்கிறது. உதைப்பின் வேகத்தை 1.41 ஆல் வகுத்து வரும் எண்ணுக்குக் கீழே அந்த ஊஞ்சல் வேகம் இருந்தால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கும். அதற்கு மேல் போனால் ரப்பரே அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கும். 20 ஐ 1.41 ஆல் வகுத்தால் 14. உதாரணமாக மூல ரப்பரில் சைலன்சர் விநாடிக்கு 10 முறை ஆடும்படி வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ரப்பரின் விறைப்பை நான்கு மடங்காக்கினால் ஆட்ட வேகம் இரண்டு மடங்காகும். 10 போய் 20. அதாவது ஐடில் உதைப்பின் மேலேயே போய் உட்காரும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பின்சீட்டில் ‘ஹூம்’ என்று காது அடைக்கும் ரீங்காரம் கேட்கும்.

இன்னொன்று சூடு. வெள்ளி, கருப்பு என்று எந்த நிறத்தில் வந்தாலும் சாதாரண பாலியூரித்தேன் சூடு தாங்குவதில் பின்தங்கியது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் பக்கத்தில் போட்டால் குழைந்துவிடும். பெரும்பாலான வண்டிகளில் வரும் கருப்பு ரப்பர் ஈ.பி.டி.எம் என்ற செயற்கை ரப்பர் வகை. காற்றில் உள்ள ஓசோனையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும், சூட்டையும் ஓரளவு தாங்கும். அதற்கும் மேல் சூடாகும் முன்பக்க இடங்களுக்குச் சிலிகான் ரப்பர் போடுவார்கள். ஈ.பி.டி.எம்முக்குப் பெரிய எதிரி பெட்ரோலிய எண்ணெய். அதனால்தான் எண்ணெய் பட்டால் உப்புகிறது.

ஜூன் 6. வேறொரு வாசகர்

பந்தய வண்டிகளில் பாலியூரித்தேன்தானே போடுகிறார்கள்?

ஜூன் 6

போடுகிறார்கள். அங்கே குழாய் அசையக் கூடாது, சத்தம் ஒரு பொருட்டில்லை. வீட்டு வண்டியில் குழந்தை பின்சீட்டில் தூங்க வேண்டும்.

ஜூன் 6, இரவு

ஒன்றா, எல்லாமா என்ற கேள்வி விடுபட்டுவிட்டது.

குடும்ப வண்டிகளில் பெரும்பாலும் 4 முதல் 6 ரப்பர் இருக்கும். கடைசி சைலன்சரில் இடமும் வலமும் ஜோடியாக இருந்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழைய ரப்பர் வருடக்கணக்கில் எடை தாங்கிச் சில மில்லிமீட்டர் நீண்டிருக்கும். புதியது நீளாமல் இருக்கும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழசு என்றால் உயரம் குறைந்த புதியதன் மேல்தான் அதிக எடை ஏறும். சைலன்சர் ஒரு பக்கமாகச் சாயும், புகைக்குழாய் வாய் பம்பர் வெட்டில் ஒருபுறம் ஒட்டி நிற்கும். போன வருடம் உங்கள் இடப்பக்கத்தை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நடுக் குழாயில் இருப்பவை கெட்டிப்படாமல் இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் ஒரே வண்டியில் இரண்டு இடத்து ரப்பர் பார்க்க ஒன்று போல இருந்தாலும் விறைப்பு வேறாக இருக்கலாம். குழாய் அதிரும்போது எந்தப் புள்ளி குறைவாக அசைகிறதோ அந்தப் புள்ளி பார்த்துத்தான் வடிவமைப்பவர்கள் தொங்கல்களை வைக்கிறார்கள், எடைக்கேற்ப விறைப்பையும் மாற்றுகிறார்கள். ஆகவே முன்னதைப் பின்னால் மாட்டாதீர்கள். பாகத்தின் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். எண் அழிந்திருந்தால் நான்கு அளவு எடுங்கள்: கம்பியின் விட்டம் (பெரும்பாலும் 10 அல்லது 12 மி.மீ), இரு துளைகளுக்கு நடுவே மையத்திலிருந்து மையம்வரை உள்ள தூரம், ரப்பரின் தடிமன், மொத்த உயரம். மைய தூரத்தை எடை இல்லாத ரப்பரில் அளக்க வேண்டும். தொங்கும்போது அளந்தால் நீண்டுபோன அளவுதான் கிடைக்கும். 10 மி.மீ கம்பிக்கு 12 மி.மீ துளை ரப்பர் சுலபமாக ஏறும் என்று வாங்காதீர்கள். அது ஆடி ஆடிக் கம்பியையே அரிக்கும்.

ஜூன் 8. கேட்டவர்

என்ஜின் சோதனை ஆயிற்று. ரிவர்ஸில் என்ஜின் எகிறுவது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. டார்க் ராடின் பெரிய கண்ணில் ரப்பர் ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்திருக்கிறது, ஓரம் சொரசொரப்புதான். ராடு புதிது சொல்லிவிட்டேன். ரப்பர் நானே மாற்றலாம் என்று பார்க்கிறேன். வரிசை சொல்லுங்கள். ஃப்ளெக்ஸையும் மாற்ற வேண்டுமா?

ஜூன் 8, இரவு

முதலில் ஃப்ளெக்ஸ். வெளிக் கம்பிப் பின்னல் பிய்ந்து சிலுப்பிக்கொண்டு நிற்கிறதா, கரும்புகைத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த என்ஜினை ஓட விட்டு, ஒருவர் தடிமனான துணியால் புகைக்குழாய் வாயை ஓரிரு விநாடி அழுத்தி மூடட்டும். எங்கே கசிவு இருக்கிறதோ அங்கிருந்து ‘புஸ்ஸ்’ வரும். இதைத் திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வண்டிக்கு நடுவில் கசிந்தால் அது உள்ளே ஏறும். கசிவு இல்லை, பின்னல் முழுசாக இருக்கிறது என்றால் ஃப்ளெக்ஸ் இருக்கட்டும்.

வரிசை: டார்க் ராடு முதலில், ரப்பர் பிறகு. என்ஜின் தன் இடத்துக்குத் திரும்பாமல் சைலன்சரை நேர்ப்படுத்தினால் அந்த நேர் தவறாகத்தான் இருக்கும்.

ஜூன் 9

ரப்பர் மாற்றும் வேலை. நிதானமாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

வண்டி ஓடி நின்று குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகட்டும். சமதளம், கெட்டித் தரை. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. பின்பக்கம் தூக்கி, கையேட்டில் சொன்ன தூக்குமிடங்களில் ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு கொடுத்து எடையை அதன்மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் வண்டியைப் பக்கவாட்டில் ஒருமுறை உலுக்கிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். கண்ணாடி போடுங்கள், துரு கண்ணில்தான் விழும்.

இன்னொரு ஜாக்கியில் மரக்கட்டை வைத்துச் சைலன்சருக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். முட்டுத்தான், தூக்க வேண்டாம். ஒரு ரப்பரைக் கழற்றி, புதியதை மாட்டி, அப்புறம்தான் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குழாயின் முழு எடையும் ஃப்ளெக்ஸில் தொங்கும். ஃப்ளெக்ஸை 10 டிகிரிக்கு மேல் வளைக்காதீர்கள் என்று சில கையேடுகளே எச்சரிக்கின்றன. நல்ல ஃப்ளெக்ஸ் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அம்புக்குறியோ மேல்பக்கக் குறியோ ரப்பரில் இருக்கலாம். கம்பியின் முனையில் காளான் தலை போல ஒரு புடைப்பு உண்டு. ரப்பர் தானாகக் கழன்று விழாமல் இருக்க அது. முனையில் உள்ள துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சோப்புத் தண்ணீர் அல்லது சிலிகான் ஸ்பிரே துளைக்குள் விடுங்கள். கிரீஸ், என்ஜின் ஆயில், பெட்ரோலிய எண்ணெய் கலந்த துருநீக்கி ஸ்பிரே எதுவும் ரப்பரில் படக் கூடாது. இன்றைக்குச் சுலபமாக ஏறும், அடுத்த மழைக்குள் உப்பிவிடும்.

சைலன்சர் ரப்பர் கழற்ற என்றே இடுக்கி இருக்கிறது. ஒரு கவை ரப்பரின் பின்பக்கம், இன்னொரு கவை கம்பியின் முனையில், அழுத்தினால் ரப்பர் தலையைத் தாண்டி வழுக்கி வரும். அது இல்லாவிட்டால் நீளமான தட்டை ஸ்க்ரூடிரைவரால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நெம்புங்கள். பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்து எடுப்பதும் தப்பில்லை, ஆனால் உள்ளே துணியோ எஃகுப் பட்டையோ இருக்கும் வகை அறுபடாது, கத்திதான் வழுக்கும்.

புதிய ரப்பரைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். கொதிக்க வேண்டாம், கை தாங்கும் சூடு போதும். முதலில் பாடியோடு சேர்ந்த மேல் கம்பியில், பிறகு ஜாக்கியை ஒரு சொடுக்கு ஏற்றிச் சைலன்சர் கம்பியைத் துளைக்கு நேரே கொண்டுவந்து, ரப்பரைத் திருகிக்கொண்டே தள்ளுங்கள். நேராகத் தள்ளினால் ரப்பர் சுருங்கிக் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். திருகினால் ஏறும். காளான் தலை மறுபக்கம் முழுதாக வெளியே வந்து தெரிய வேண்டும். பாதி தெரிந்தால் முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். கடைசியில் ரப்பர் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றிலும் இடைவெளி பாருங்கள். ஸ்டெப்னி குழி, பெட்ரோல் டாங்க், பின் அச்சு, ஹீட் ஷீல்டு, எதற்கும் 20 மி.மீ இருந்தால் நிம்மதி. வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது பின் அச்சு கீழே தொங்கும், அப்போது இடைவெளி தாராளமாகத் தெரியும், நம்பிவிடாதீர்கள். சக்கரம் தரையில் ஊன்றிய பிறகும் ஒருமுறை பாருங்கள். பின்னால் ஆள் ஏறி அச்சு மேலே வரும்போதுதான் அதன்மேல் போகும் குழாயில் முட்டும்.

ஜூன் 10

நேற்று கடைசியில் ‘ரப்பர் நேராகத் தொங்க வேண்டும்’ என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அது அரைகுறை. குளிர்ந்த வண்டியில் பின் ரப்பர்களின் கீழ்முனை லேசாக முன்பக்கம் சாய்ந்திருப்பதுதான் சரி.

இரும்பு சூட்டில் நீளும். சைலன்சர் குழாய்களில் பரவலாக இருக்கும் ஃபெரிட்டிக் வகைத் துருப்பிடிக்காத எஃகு, ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு 100 டிகிரி சூட்டுக்கும் சுமார் 1.1 மி.மீ நீளும். ஃப்ளெக்ஸிலிருந்து கடைசி சைலன்சர்வரை 3 மீட்டர், நீள வாக்கில் சராசரியாக 300 டிகிரி ஏறுகிறது என்று வைத்தால் சுமார் 10 மி.மீ. நிக்கல் கலந்த ஆஸ்டெனிட்டிக் எஃகாக இருந்தால் இன்னும் கூடுதல், 15 மி.மீ அளவுக்கு வரும். முன்முனை என்ஜினில் பூட்டியிருப்பதால் இவ்வளவும் பின்பக்கம்தான் நகரும். ஃப்ளெக்ஸ் பக்கத்தில் உள்ள ரப்பருக்கு 2, 3 மி.மீ நகர்வு, கடைசி ரப்பருக்கு முழு 10. ஆகவே குளிரில் கடைசி ரப்பர் 5 மி.மீயோ அதற்குச் சற்று மேலோ முன்னால் சாய்ந்திருந்தால், சூட்டில் நேராகும் அல்லது கொஞ்சம் தாண்டும். குளிரிலேயே பின்பக்கம் சாய்ந்திருந்தால் சூட்டில் இன்னும் இழுபட்டு வாய் தேயும். குழாய் வாய்க்கும் பம்பருக்கும் இடைவெளி பார்க்கும்போதும் இந்த நகர்வைக் கணக்கில் வையுங்கள்.

ஜூன் 10, மாலை. வேறொரு வாசகர்

எங்கள் வண்டியில் ரப்பர் நன்றாக இருக்கிறது, ஆனால் 2000 சுற்றில் மட்டும் தகர டப்பாவில் காசு போட்டுக் குலுக்கியது போல ‘கிர்ர்’.

ஜூன் 10, இரவு

அது ரப்பர் இல்லை, ஹீட் ஷீல்டு. ரப்பர் போனால் ‘டொக்’, ‘தட்’ என்று கனமான சத்தம், பள்ளத்திலும் வேகத்தடையிலும் வரும். ஹீட் ஷீல்டு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் கிறுகிறுக்கும், சுற்று கூடினால் நிற்கும். குளிர்ந்த வண்டியில் முஷ்டியால் ஒவ்வொரு தகட்டையும் தட்டுங்கள், காசுச் சத்தம் எங்கே வருகிறதோ அதுதான். அலுமினியத் தகட்டின் துளை அரித்துப் பெரிதாகி போல்ட்டின் தலை உள்ளே நுழைந்திருக்கும். 30 மி.மீக்கு மேல் அகலமான துருப்பிடிக்காத வாஷர் ஒன்று வைத்து அதே போல்ட்டை முறுக்கினால் போதும். சத்தம் தாங்கவில்லை என்று தகட்டைப் பிய்த்து எறியாதீர்கள். அதற்கு மேலே கார்ப்பெட்டும், பெட்ரோல் குழாயும், பக்கத்தில் நம்முடைய ரப்பரும் இருக்கின்றன.

ஜூன் 11. வேறொரு வாசகர்

வழியில் அறுந்தால்? பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டிக்கொண்டு வரலாமா?

ஜூன் 11

பிளாஸ்டிக் டை உருகும், கயிறு எரியும். 2 மி.மீ கட்டுக்கம்பியை இரட்டையாக மடித்து, பாடியில் இருக்கும் கம்பியையும் சைலன்சர் கம்பியையும் சேர்த்து வளையமாகச் சுற்றுங்கள். விறைக்காமல் ஒரு விரல் தளர்வு விடுங்கள். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், கை பிரேக் கேபிள், பின் அச்சு எதிலும் கட்டாதீர்கள். சூட்டில் கை வைக்க வேண்டாம், அரை மணி நேரமாவது பொறுத்துவிட்டுத் தொடங்குங்கள். வீடு போய்ச் சேர இது போதும், அதற்கு மேல் ஓட்டினால் இரும்பும் இரும்பும் உரசிச் சைலன்சர் கம்பியின் பற்றுவைப்பே விடும்.

பற்றுவைப்பு விட்டுப்போன கம்பி பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் முழுசாக இருக்கும், கம்பி மட்டும் குழாயிலிருந்து பிரிந்திருக்கும். வெல்டிங் செய்ய வேண்டும் என்றால் சைலன்சரைக் கழற்றி வெளியே வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் தீப்பொறி பறக்க விடாதீர்கள். கழற்ற முடியாத நிலையில் யு போல்ட்டுடன் கம்பி சேர்ந்தே வரும் கிளாம்ப் கிடைக்கிறது, குழாயின் வெளிவிட்டம் அளந்து வாங்கினால் வெல்டிங் இல்லாமலே முடியும். பழைய கம்பி இருந்த அதே இடத்தில், அதே கோணத்தில் வர வேண்டும்.

ஜூன் 12

கம்பி ஏன் அங்கே துருப்பிடிக்கிறது என்று கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். வெளியே சேறும் மழையும் ஒரு காரணம். உள்ளே இருந்தும் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. நீண்ட பயணத்தில் அத்தனையும் சூட்டில் வெளியே போய்விடும். தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டியில் கடைசி சைலன்சர் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும், தண்ணீர் உள்ளேயே குளிர்ந்து தேங்கும். துருவும் பிடிக்கும், சைலன்சர் கனத்துப் பின் ரப்பர்களின் சுமையும் ஏறும். சைலன்சரின் அடியில் சின்ன ஊசித்துளை இருந்து சொட்டினால் அது வடிகால், ஓட்டை என்று அடைத்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள்.

அடியில் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பவர்களுக்கு: ரப்பர்களைப் பழைய துணியால் மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். எண்ணெயோ தாரோ கலந்த பூச்சு ரப்பரைக் கெடுக்கும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு: புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது அதன் உள்சூடு 600 டிகிரி வரை போகும். காற்றாடி ஓடிக்கொண்டே இருக்கிறது, எரிந்த வாடை வருகிறது என்றால் அன்று அடியில் போகாதீர்கள். காய்ந்த புல்மேலும் நிறுத்தாதீர்கள்.

ஜூன் 15. கேட்டவர்

டார்க் ராடும், பின் ஜோடி ரப்பரும், நடுவில் ஒரு ரப்பரும் மாற்றியாயிற்று. ரிவர்ஸ் இடி போய்விட்டது. ஆனால் ஐடிலில் புதிதாக ஒரு மெல்லிய ரீங்காரம். பின் ரப்பர் இரண்டும் குளிரில் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன.

ஜூன் 15, இரவு

உங்கள் குழாயில் நடு மூட்டு கிளாம்ப் வகையா (குழாய்களைப் பட்டை சுற்றி இறுக்குவது), ஃபிளேஞ்சு வகையா (இரண்டு தட்டு முகங்களை போல்ட்டால் சேர்ப்பது)? கிளாம்ப் என்றால் பழைய ராடு கிழிந்திருந்த காலத்தில் யாரோ குழாயை இழுத்து அங்கே பூட்டியிருக்கிறார்கள். இப்போது என்ஜின் சரியான இடத்துக்கு வந்துவிட்டது, குழாய் வரவில்லை.

முட்டுக் கொடுத்த பிறகு நடு கிளாம்பின் நட்டைத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம். துருநீக்கியை மரையில் மட்டும் விட்டு, ரப்பரில் தெறிக்காமல் துணி மறைவு வைத்து, கால் மணி நேரம் பொறுங்கள். பின்பகுதியை முன்னால் தள்ளுங்கள். ஒவ்வொரு சில மில்லிமீட்டருக்கும் ரப்பரின் சாய்வைப் பாருங்கள். கடைசி ரப்பர் 5 மி.மீ முன்சாய்வுக்கு வந்ததும், குழாய் வாய் பம்பர் வெட்டின் நடுவில் நிற்கும்படி திருப்பி, முன்னிருந்து பின்னாக முறுக்கிக்கொண்டு வாருங்கள். முறுக்கு அளவு கையேட்டில் இருக்கும். கையேடு சொல்வதற்கு மேல் ‘இன்னும் ஒரு கால் சுற்று’ வேண்டாம், துருப்பிடித்த எம் 8 போல்ட்டு அந்தக் கால் சுற்றில்தான் முறியும்.

ஃபிளேஞ்சு வகை என்றால் நகர்த்த இடம் குறைவு. போல்ட்டுத் துளைகளின் தளர்வு எவ்வளவோ அவ்வளவுதான். பிரித்தால் கேஸ்கெட் புதிது போட வேண்டும், பழையதைத் திரும்ப அழுத்தினால் கசியும்.

ஜூன் 17. கேட்டவர்

கிளாம்ப் வகைதான். 8 மி.மீ முன்னால் தள்ள வேண்டியிருந்தது. குளிரில் 5 மி.மீ முன்சாய்வு, 40 நிமிடம் ஓட்டிவிட்டு எட்டிப் பார்த்தபோது ரப்பர் கொஞ்சம் பின்சாய்வாக நிற்கிறது. ரீங்காரம் இல்லை.

ஜூன் 17, இரவு

சரியான இடம். நாளைக் காலை குளிர்ந்த வண்டியில் கிளாம்பின் நட்டை ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், முதல் சூட்டில் குழாய் படிந்து நட்டு லேசாகத் தளர்ந்திருக்கும். அப்புறம் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் புகைக்குழாய் வாயைக் கையால் பிடித்து மேலே கீழே, இடம் வலம், முன் பின் அசைத்துப் பார்த்தால் போதும். மெத்தென்று போய் மெத்தென்று திரும்ப வேண்டும்.